வாளித் தண்ணீரும் ஹார்வி பெனிக்கும்

தனக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார்களைப் பற்றி எல்லோரும் எழுதும் இந்தப் பக்கத்தில், ஒருவர் தன் வயலின் வாத்தியாரைப் பற்றி எழுதியதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. என் கதை கொஞ்சம் கோணல். நான் சொல்லப்போகிற கோல்ஃப் வாத்தியார் ஹார்வி பெனிக்கை நான் பார்த்ததே இல்லை. அவர் காலமானபோது நான் திருச்சியில் ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டினுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம் கோல்ஃப் பித்து பிடித்தது. ஒரு பயிற்சி மையத்தில் பணம் கட்டிச் சேர்ந்தேன். அங்கிருந்த கோச் என் ஸ்விங்கை, அதாவது நான் மட்டை வீசும் விதத்தை, வீடியோ எடுத்து, திரையில் சிவப்புக் கோடு மஞ்சள் கோடெல்லாம் போட்டு, முதல் நாளே 11 தப்பு சொன்னார். தோள், இடுப்பு, முழங்கை, தலை... அத்தனையையும் மனசில் வைத்துக்கொண்டு மட்டையை வீசினால் பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்று மாசத்தில், முன்பு வந்துகொண்டிருந்ததும் போயிற்று.

பிறகு ஹேன்காக் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். ஊர் நடுவில் இருக்கும் பொது மைதானம், 9 குழிதான். அங்கே வழக்கமாக வரும் பெரியவர் ஒருவருக்கு எண்பது வயதிருக்கும். என் ஆட்டத்தை இரண்டு குழி வரைக்கும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவதில் என் பந்தைக் குனிந்து எடுத்து என் பையிலேயே போட்டுவிட்டு, "வீட்டில் வாளி இருக்கிறதா?" என்றார்.

பெனிக் பெயரைக் கேட்டது அன்றைக்குத்தான்.

நாங்கள் நின்றிருந்த இடமே 1899-இல் தொடங்கிய ஆஸ்டின் கன்ட்ரி கிளப்பின் முதல் மைதானமாம். 1904-இல் பிறந்த ஹார்வி பெனிக் எட்டு வயதில் அங்கே கேடியாகப் பை தூக்க வந்தவர். 1923-இல் கிளப்பின் தலைமை ப்ரொஃபஷனல், அதாவது உறுப்பினர்களுக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் தலைமை ஆள். 1971-இல் மகன் டின்ஸ்லியிடம் பொறுப்பை ஒப்படைக்கும்வரை அதே வேலை. நடுவில் 1931 முதல் 1963 வரை டெக்சாஸ் பல்கலைக்கழக அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர். ஓய்வு பெற்ற பிறகும் சொல்லிக்கொடுப்பதை விடவில்லை. தள்ளாத வயதிலும் கோல்ஃப் வண்டியில் உட்கார்ந்தபடி பாடம் நடத்தியதைப் பெரியவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

போட்டிகளில் ஆட அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது. அந்தக் காலத்துப் பெரிய ஆட்டக்காரர் சாம் ஸ்னீட் பந்தை அடித்த சத்தத்தைக் கேட்டதும், நமக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் சரி என்று முடிவு கட்டிவிட்டாராம். சத்தத்தை வைத்தே தன் அளவு தெரிந்துகொண்ட மனுஷன் பாருங்கள், எனக்கு இந்த ஒரு விஷயத்துக்காகவே அவர்மேல் மரியாதை.

சரி, வாளிக்கு வருகிறேன். தண்ணீர் நிறைந்த வாளியை இரண்டு கையாலும் பிடித்து, சிந்தாமல் பின்னால் கொண்டுபோய் முன்னால் கொண்டுவர வேண்டும். பெனிக் சொல்லிக்கொடுத்த வித்தை. வெடுக்கென்று இழுத்தால் சிந்தும். நிதானமாக வீசினால் உடம்பு தானாகத் திரும்பிக்கொடுக்கும். இடுப்பு, தோள் என்று எதையும் தனியாக நினைக்கவே வேண்டாம். முதல் நாள் பால்கனியில் செய்து பேண்ட் முழுக்க நனைந்தது. "என்னங்க, மாடி கழுவுறீங்களா?" என்றாள் மனைவி. பத்து நாளில் அந்த 11 தப்பில் நாலைந்து காணாமல் போயின. பந்து நேராகப் போகாமல் பக்கவாட்டில் வளைந்து ஓடும் ஸ்லைஸ் மட்டும் போகவில்லை, இன்றைக்கும் கூடவே இருக்கிறது.

பின்னாளில் பெரிய ஆட்டக்காரர்களான டாம் கைட்டும் பென் கிரென்ஷாவும் சிறுவயதிலிருந்தே அவரிடம் படித்தவர்கள். ஒருவருக்குப் பாடம் நடக்கும்போது இன்னொருவரைப் பார்க்க விடமாட்டாராம். ஒருவனுக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவன் சாப்பிட்டுவிடக் கூடாதே! பெண்களுக்கான தொழில்முறைப் போட்டித் தொடரான எல்பிஜிஏ-வில் 88 போட்டிகள் ஜெயித்த கேத்தி விட்வொர்த்தும் நியூ மெக்ஸிகோவிலிருந்து தேடிவந்து அவரிடம் படித்தவர்தான்.

கற்றதையெல்லாம் அறுபது வருஷம் ஒரு சிவப்பு நோட்டில் எழுதிவைத்தார். 1992-இல் அது புத்தகமாகி விற்றுத் தள்ளியது. பதிப்பகம் 90,000 டாலர் என்றதும், அது தான் கட்ட வேண்டிய தொகை என்று நினைத்து, வைத்தியச் செலவு இருக்கிறது, அவ்வளவு என்னால் முடியாது என்றாராம். பெரியவர் இதைச் சொல்லிவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

கடைசிப் பாடம் படுத்த படுக்கையில். கிரென்ஷா பட்டிங் (பந்தைக் குழிக்குள் மெல்ல உருட்டிவிடுவது) செய்து காட்ட, கிடந்தபடியே பார்த்துத் திருத்தினார். 1995 ஏப்ரல் 2-இல், 90 வயதில் போய்ச் சேர்ந்தார். மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டிக்காக அகஸ்டாவுக்குப் போயிருந்த கைட்டும் கிரென்ஷாவும் அங்கிருந்து பறந்துவந்து சவப்பெட்டி தூக்கினார்கள். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையே 43 வயது கிரென்ஷா மாஸ்டர்ஸ் ஜெயித்தார். கடைசிப் பந்து குழியில் விழுந்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். வீடியோ இருக்கிறது, பாருங்கள்.

மறுமொழி:

சார், எனக்கும் இப்படி ஒருத்தர் வாய்த்தார். சென்னை கிண்டியில், ரேஸ் கோர்ஸ் உள்ளே இருந்த மைதானம். சின்ன வயசில் கேடியாக வந்து கோச் ஆனவர். முதல் வகுப்புக்கு மூணு டஜன் புதுப் பந்தோடு போய் நின்றேன். "சார், இன்னிக்குப் பந்து வேணாம்" என்று சொல்லி ஒரு மணி நேரமும் மட்டையால் வெறும் புல்லை உரசச் சொன்னார். அடுத்த வாரமும் அதேதான். வாளி விஷயம் அவருக்குத் தெரியுமா என்று இந்த ஞாயிறு கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.