ஃபீட்பேக் சராசரியை வைத்து இரண்டு ஆசிரியர்களை ஒப்பிடலாமா?

துறைக்குழு:
பருவ முடிவில் மாணவர்களிடம் 5 புள்ளி அளவில் ஃபீட்பேக் வாங்குகிறோம். முதலாண்டு கணிதம் நடத்திய ஆசிரியைக்கு 3.7 (60 பேரில் 22 பேர் பதில்). கடைசியாண்டு விருப்பப்பாடம் நடத்திய ஆசிரியருக்கு 4.3 (18ல் 15). பதவி உயர்வுக்கு இந்த 0.6 வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்கலாமா?

கரும்பலகை:
கூடாது. பாடம், கட்டாயமா விருப்பமா என்பது, வகுப்பின் அளவு, ஆசிரியரின் பாலினம் எல்லாமே மாறியிருக்கின்றன. இதில் கற்பித்தலின் பங்கு எவ்வளவு என்று பிரிக்கவே முடியாது.

கணக்கு சார்ந்த பாடங்களுக்குப் புள்ளி குறைவாகவே விழும். பாலினச் சாய்வுக்குச் சான்றாகப் பலரும் காட்டுவது அமெரிக்காவின் வட கரோலினா ஆய்வு. இணையவழி வகுப்பில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் ஆளுக்கொரு பிரிவைத் தம் பெயரிலும் இன்னொன்றை மற்றவர் பெயரிலும் நடத்தினார்கள். விடைத்தாளை ஒரே நேரத்தில் திருப்பிக் கொடுத்தும், 'தாமதமின்றித் தந்தார்' என்பதற்கு ஆண் பெயருக்கு 4.35, பெண் பெயருக்கு 3.55. ஆனால் அதில் 43 மாணவர்கள்தான். அதைவிட நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் ஆய்வு (2019) வலுவானது. சுமார் 20,000 மதிப்பீடுகள். மாணவர்கள் குலுக்கல் முறையில் வகுப்புகளுக்குப் பிரிக்கப்பட்டவர்கள். பெண்களிடம் படித்தவர்களின் தேர்வு மதிப்பெண் குறையவில்லை, ஆனாலும் ஆசிரியைகளுக்குப் புள்ளி குறைந்தது. அதிகம் அடி வாங்கியவர்கள் இளம் ஆசிரியைகள், அதிலும் கணிதம் சார்ந்த பாடங்களில். உங்கள் முதலாண்டு வகுப்பு அப்படியே இதில் பொருந்துகிறது.

நாற்பரிமாணம்:
இன்னொன்று: புள்ளி உயர்ந்தால் கற்றலும் உயர்ந்தது என்று அர்த்தமில்லை. இத்தாலியின் பொக்கோனி பல்கலைக்கழகத் தரவில், யாருடைய மாணவர்கள் அடுத்தடுத்த பாடங்களில் நன்றாகச் செய்தார்களோ அந்த ஆசிரியர்களுக்கே புள்ளி குறைவு. அமெரிக்க விமானப்படை அகாடமியிலும் (2010) கிட்டத்தட்ட இதே முடிவு. அடித்தளத்தை அழுத்தமாகப் போடுகிறவர் அந்தப் பருவத்தில் மாணவருக்குக் கடினமானவராகத் தெரிகிறார். பலன் தெரியும்போது படிவம் போய்ச் சேர்ந்திருக்கும். ஜெர்மனியில் மருத்துவ மாணவர்களுக்குச் சாக்லேட் பிஸ்கட் கொடுத்ததற்கே புள்ளி ஏறியது (2018).

துறைக்குழு:
படிவத்தின் மேலே எச்சரிக்கைக் குறிப்பு போட்டால் பயன் உண்டா?

கரும்பலகை:
ஓரளவு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகச் சோதனையில் (2019), பாலினச் சாய்வு பற்றி முன்கூட்டியே சொன்னதும் ஆசிரியைகளின் புள்ளி உயர்ந்தது, ஆண்களுக்கு மாறவில்லை. அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

எண்ணாளர்:
நடைமுறைக்கு வருவோம். சராசரியை எடுத்துவிட்டு, எத்தனை பேர் எந்தப் புள்ளி போட்டார்கள் என்ற பரவலைக் காட்டுங்கள். எட்டுப் பேரும் 4 போட்டாலும் சராசரி 4.0, ஆறு பேர் 5, இரண்டு பேர் 1 போட்டாலும் 4.0. இரண்டும் வேறு வகுப்புகள். பக்கத்திலேயே பதில் விகிதம் இருக்கட்டும். கணித வகுப்பில் 38 பேர் வாயே திறக்கவில்லை, அவர்களும் 3.7தான் போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

'ஆசிரியருக்குப் பாட அறிவு உண்டா?' என்ற கேள்வியை நீக்குங்கள். மாணவர் அதை அளக்க முடியாது. 'வகுப்பு நேரத்துக்குத் தொடங்கியதா?', 'விடைத்தாள் இரண்டு வாரத்துக்குள் கிடைத்ததா?' போன்றவற்றை அவர் பார்த்தபடி சொல்ல முடியும். படிவத்தை வகுப்பிலேயே, பத்து நிமிடம் ஒதுக்கி, ஆசிரியர் வெளியே போனபின் நிரப்பச் சொல்லுங்கள். தேர்வு முடிவு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பதவி உயர்வுக்கு சக ஆசிரியர் வகுப்பைப் பார்வையிட்ட குறிப்பு, வினாத்தாள், பாடத்திட்டம் ஆகியவற்றைக் கேளுங்கள். கனடாவின் ரயர்சன் பல்கலைக்கழக வழக்கில் 2018ல் நடுவர் தீர்ப்பு, பதவி உயர்வில் கற்பித்தல் திறனை அளக்க இந்தப் புள்ளிகளைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொன்னது. குழுக் கூட்டத்துக்கு அதை எடுத்துப்போங்கள்.