தொழிற்சங்கம் அமைக்க வழிகாட்டல் வேண்டும் – திருகோணமலை

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலைக்கு அண்மையிலுள்ள ஓர் ஆடைத் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகளாகத் தையல் பிரிவில் பணியாற்றுகிறேன். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் விடியுமுன் பஸ் ஏறி வரும் பெண்களே எங்களில் அதிகம். அடிப்படைச் சம்பளம் சட்டம் விதித்த குறைந்தபட்சத் தொகையை விட்டு நகரவில்லை. வருகைப்படியோ ஒரு நாள் சுகயீன விடுமுறை எடுத்தாலே இல்லாமற்போகிறது.

1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கங்கள் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தாலே சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம் என்பதறிந்து, கடந்த மாதம் கையொப்பம் சேகரிக்கத் தொடங்கினோம். அதன்பின் முகாமையாளர் ஒவ்வொருவராக அழைத்து, "ஊழியர் சபை இருக்கும்போது சங்கம் எதற்கு?" என்று கேட்கிறார். அந்தச் சபையின் கூட்டத்தைக் கூட்டுவதும் நிகழ்ச்சிநிரலை எழுதுவதும் நிர்வாகமே என்பது வேறு விடயம். முன்னின்ற இருவர் இரவு முறைக்கு மாற்றப்பட்டுள்ளனர்.

கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 32அ பிரிவு, சங்கத்தில் சேர்ந்தமைக்காக ஊழியரைப் பணிநீக்குவதைத் தடைசெய்வதுடன், சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்த ஊழியர்களில் குறைந்தது 40 சதவீதத்தினரை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்துடன் பேரம்பேச மறுப்பதையும் தடைசெய்கிறது. எங்களுக்குள்ள சிக்கல், மேன்பவர் எனப்படும் ஆள்வழங்கும் நிறுவனங்கள் மூலம் வந்தவர்களையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்பதே. அவர்களைச் சேர்த்தால் எங்கள் விகிதம் சரிந்துவிடும்.

தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு செய்து அனுபவமுள்ளவர்களும் தொழிற்சட்டம் அறிந்த சட்டத்தரணிகளும் இதற்கு விளக்கம் தந்துதவுமாறும், இரவு முறைக்கு மாற்றியதைப் பழிவாங்கலென நிரூபிக்க எவ்வகை ஆவணங்களைத் திரட்ட வேண்டுமெனக் கூறுமாறும் வேண்டுகிறேன். நிர்வாகத்தினரும் இக்குழுவில் இருக்கக்கூடும் என்பதால், தயவுசெய்து உட்பெட்டியில் எழுதுங்கள்.