நாட்டு நலப்பணித் திட்ட முன்னாள் தொண்டர்களிடம் ஓர் உதவி

அனைவருக்கும் வணக்கம். கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் கற்பிக்கும் எனக்கு, இவ்வாண்டு முதல் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர் பொறுப்பும் அளிக்கப்பட்டுள்ளது. காந்தியடிகளின் பிறந்தநாள் நூற்றாண்டான 1969இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய இத்திட்டத்தில், ஒரு மாணவர் ஈராண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்றி, ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்றால் சான்றிதழ் பெறலாம்.

"இதனால் என் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். கடன் வாங்கிப் படிக்கவைப்பவர்களின் அந்தக் கேள்வி நியாயமானது. சான்றிதழை மட்டும் காட்டி அதற்கு விடை சொல்ல எனக்கு மனமில்லை. சென்ற ஆண்டு முகாமுக்கு உடன் சென்றபோது, வகுப்பில் வாய் திறவாத மாணவி ஒருத்தி, ஒரு பாட்டியின் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தை வரிவரியாகப் படித்துக்காட்டி, விடுபட்ட ஆவணங்களைத் திரட்டி, கிராம நிர்வாக அலுவலரிடம் தானே சென்று பேசியதைக் கண்டேன். எந்தப் பாடவேளையிலும் என்னால் அவளுக்கு அந்தத் துணிவைக் கற்றுத்தர முடிந்ததில்லை.

உங்களுள் இத்திட்டத்தில் பணியாற்றியவர்கள், பார்வையற்ற மாணவர்களுக்காகத் தேர்வு எழுதிக்கொடுத்தவர்கள், 2015 சென்னை வெள்ளத்தின்போது நிவாரணப் பணி செய்தவர்கள், அப்போது கற்ற ஏதேனும் ஒன்று பின்னர் உங்கள் வேலையிலோ வாழ்விலோ எவ்வாறு பயன்பட்டது என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதி உதவ வேண்டுகிறேன். ஏமாற்றமளித்த அனுபவங்களையும் மறைக்காமல் எழுதுங்கள். பெயர் குறிப்பிடாமல், பெற்றோர் கூட்டத்தில் அவற்றை வாசிக்க உங்கள் இசைவையும் கோருகிறேன். கூட்டம் இம்மாத இறுதியில் நடைபெறுகிறது.