கொழுவுக்குக் கணக்கு எழுதுவதில்லை

ஆரணிப் பக்கத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டின் ஓட்டைப் பிரித்தபோது, பரணில் துணி சுற்றிய ஓலைக்கட்டு ஒன்று கிடைத்தது. என் பாட்டனாரின் பாட்டனார் கொல்லுப்பட்டறை நடத்திய காலத்துக் கணக்கு அது. ஊருக்கெல்லாம் எழுத்தாணி அடித்துக் கொடுத்தவர் அவர். ஆனால் அவர் கணக்கை எழுதியது கணக்குப்பிள்ளை என்று வீட்டில் சொல்வார்கள்.

தமிழ் எண்களைப் பழகிக்கொண்டு ஒரு மாதம் உட்கார்ந்து படித்தேன். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போட்டது, கதவுக்கு நாதாங்கி செய்தது என ஒவ்வொன்றும், இரும்பு குடியானவருடையதா பட்டறையுடையதா என்ற குறிப்போடு இருந்தது. ஏரின் இரும்பு முனையான கொழுவைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. சில ஓலைகள் தொலைந்துபோயிருக்க வேண்டும் என்று முடிவுகட்டியிருந்தேன். பெரியப்பாவிடம் சொன்னபோது சிரித்துவிட்டார்.

"கொழு தட்டுறதுக்கு யாருப்பா கணக்கு எழுதுவா? அதுக்குத்தான் களத்துலயே அளந்துடுவாங்களே."

உழவு நாளில் முனை மழுங்கிய கொழுவைக் குடியானவர் இருட்டோடு கொண்டுவந்து போடுவார். அதை உலையில் சிவக்கக் காய்ச்சி, முனையை நீட்டி அடித்து, தண்ணீரில் தோய்த்து, ஏர் பூட்டும் நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்குக் கையில் காசு வாங்கும் வழக்கமில்லை. அறுவடையில் பொலியிலிருந்து, அதாவது களத்து நெற்குவியலிலிருந்து, அளக்கும் பங்கான மேரையும், கொல்லனுக்கு மானியமாக விட்டிருந்த கொஞ்சம் நிலமும்தான் கூலி. ஆக, பட்டறையில் மிகுதியாக நடந்த வேலை கணக்கிலேயே ஏறவில்லை. மேரைக்குள் அடங்காத வேலைதான் ஓலைக்கு வந்தது.

அதன் பிறகே, நான் கடன் பட்டியல் என்று ஒதுக்கி வைத்திருந்த ஓலைகள் மேரைப் பட்டியல் என்பது புரிந்தது. குடிகளின் பெயர்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு, களம் முடிந்ததும் எதிரே குறுணி, பதக்கு என்று அளவு குறிக்கப்பட்டிருக்கிறது. குறுணி என்பது மரக்கால். பதக்கு அதில் இரண்டு. பன்னிரண்டு குறுணி சேர்ந்தால் ஒரு கலம்.

தாது வருஷத்து ஓலையில், அதாவது மழை பொய்த்துப் பெரும்பஞ்சம் தொடங்கிய 1876-77இல், பெயர்கள் மட்டுமே இருக்கின்றன. அளக்கக் களமே இல்லை. அடுத்த ஈசுவர வருஷத்துக்கு ஓலையே காணோம். இது உண்மையிலேயே தொலைந்ததா, எழுதப்படவே இல்லையா என்று பெரியப்பாவாலும் சொல்ல முடியவில்லை. அதற்கடுத்த வெகுதானிய வருஷத்தில் குறுணி மீண்டும் வருகிறது. தாதுவில் இருந்த பெயர்களில் ஆறு அதில் இல்லை. அவர்கள் மாண்டார்களோ, இலங்கைக் காப்பித் தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்களோ. அந்த ஆறு இடத்திலும் வேறு பெயர் எழுதாமல் வெறும் ஓலையாகவே விட்டிருக்கிறார் கணக்குப்பிள்ளை.