எழுதியும் போகாத பைட்டுகள்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மாங்கூழ்:
கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலைக்கு டோக்கன் போர்டு. ஜாவா, ஒரே த்ரெட், ஒரே செலக்டர் (எந்த இணைப்பு படிக்க, எழுதத் தயார் என்று பார்த்துச் சொல்வது). ஜூன் மாதம், வாசலில் லோடு வண்டி வரிசை. போர்டு 41-லேயே நின்றுவிட்டது. வாட்ச்மேன் தாத்தா நாற்காலிமேல் ஏறி "நாப்பத்திரெண்டு, வாப்பா!" என்று கத்துகிறார். பின்பக்க ஷெட்டில் போர்டாக வைத்த, சிக்னல் எட்டாத ஒரு டேப்லெட்; அதற்குப் போகவேண்டிய பைட்டுகள் காத்திருக்கும் பஃபர் நிரம்பி, ரைட் 0 (ஒரு பைட்டும் எழுதவில்லை) என்று திருப்பித் தந்திருக்கிறது. நானோ மிச்சம் தீரும்வரை எழுது என்று வைல் லூப் போட்டிருந்தேன். மற்ற போர்டுகளின் முறை வரவே இல்லை.

தொப்பூர் கணவாய்:
எனக்கு நேரெதிர். தர்மபுரி லாரி ஆபீஸ். கனெக்‌ஷன் வந்ததுமே ஓபி_ரைட்டையும் (எழுத இடம் இருந்தால் சொல் என்று செலக்டரிடம் கேட்பது) பதிந்துவிட்டேன். பஃபரில் இடம் இருக்கும்வரை 'எழுதலாம்' என்று செலக்ட் உடனே திரும்பிவிடும், அனுப்ப ஒன்றுமே இல்லாவிட்டாலும். வண்டி ஓடாத ராத்திரியில் ஒரு கோர் 100 சதவீதம். "பெட்டி ஏன்பா இப்படி இரையுது?" என்றார் முதலாளி. தூசி என்று நினைத்து ஃபேனை இரண்டு நாள் துணியால் துடைத்தேன். இதை வீட்டில்கூடச் சொன்னதில்லை.

ஓசூர்க்காரன்:
மாங்கூழ் அண்ணா, டேப்லெட்டைக் குறை சொல்லாதீங்க. நான்-பிளாக்கிங் ரைட் (இடம் வரும்வரை காத்து நிற்காதது) சில சமயம் பாதிதான் எழுதும், சில சமயம் ஒன்றும் எழுதாது. அது தப்பே இல்லை. நானும் ஒருமுறை காம்பேக்ட் (எழுதாத மிச்சத்தை வைத்துக்கொள்வது) போடவேண்டிய இடத்தில் கிளியர் (பஃபரே காலி என்று வைப்பது) போட்டு, பாதி பில்லைத் தொலைத்தேன். அதை விடுங்க. ஒவ்வொரு கனெக்‌ஷனுக்கும் தனி வரிசை வைக்கணும். மிச்சம் விழுந்தால் மட்டும் ஓபி_ரைட்டைப் போடுங்க, வரிசை காலியானதும் எடுத்துடுங்க. மிச்சம் இருக்கும்போது புதுச் செய்தியை நேரே எழுதினால் பாதிச் செய்திக்குள் அது போய் உட்கார்ந்துவிடும், அதையும் வரிசையின் கடைசியில் சேருங்க. வேறு த்ரெட்டிலிருந்து மாற்றினால், காத்திருக்கும் செலக்டரை எழுப்ப வேக்அப் கூப்பிடுங்க. வரிசைக்கு ஒரு வரம்பும் வேணும், இல்லாவிட்டால் மெமரி போய்விடும். நெட்டியில் (ஜாவா நெட்வொர்க் லைப்ரரி) நாம் எதையும் மாற்றாவிட்டால், காத்திருப்பது 64 கேபி தாண்டினாலே இஸ்ரைட்டபிள் (இன்னும் எழுதலாமா என்று கேட்பது) பொய் என்று சொல்லும், 32-க்குக் கீழே இறங்கினால்தான் மறுபடி சரி என்னும்.

தொப்பூர் கணவாய்:
சொல்லும், நிறுத்தாது. அதைப் பார்த்து நாம்தான் நிறுத்தணும் தம்பி.

மாங்கூழ்:
இதெல்லாம் அன்று ராத்திரியே மாற்றியாச்சு தம்பி, யாரும் கேட்கலையே. மறுநாள் போர்டு சரியாக ஓடியது. தாத்தா மட்டும் அதை நம்பவில்லை. சீசன் முடியும்வரை நாற்காலியில் ஏறித்தான் கூப்பிட்டார்.