இரண்டாவது தாளை நாங்கள் விசாரிக்கவே இல்லை

கொட்டகலை வாத்தியார்

இலங்கையில் ஊர்ப்புற உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு நிற்பவர்களை ஊர்க் குழுவாக உட்கார்ந்து விசாரித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை அல்ல, ஆகவே கொஞ்சம் நீளும்.

2018 பெப்ரவரி 10ஆம் திகதித் தேர்தலுக்கு மூன்று வாரம் இருந்தது. நுவரெலியா, அம்பகமுவ என்று இரண்டே பெரிய சபைகளாகக் கிடந்த எங்கள் தேயிலைத் தோட்டப் பகுதி அந்தத் தேர்தலில்தான் ஆறு சபைகளானது. கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதுப் பெயர்கள். புதுச் சபை, புது வட்டாரங்கள். இந்த முறையாவது ஆளைப் பார்த்து அனுப்புவோம் என்று எட்டுப் பேர் மாரியம்மன் கோயில் மண்டபத்தில் கூடினோம். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் மூவர், மரண உதவிச் சங்கத் தலைவர், முன்பள்ளி டீச்சர், கடைக்காரர் ஒருவர், இளைஞர் இருவர்.

கையில் இருந்தது மார்ச் 12 இயக்கத்தின் எட்டு அளவுகோல்கள். தேர்தல் கண்காணிப்பு அமைப்பான பெப்ரல் முதலியவை சேர்ந்து 2015இல் தொடங்கிய இயக்கம் அது. குற்றச்செயலில் ஈடுபட்டிருக்கக் கூடாது, இலஞ்ச ஊழல் கூடாது, சாராயம், போதைப்பொருள், சூது போன்ற தொழிலோடு தொடர்பு கூடாது, சுற்றாடலை அழித்திருக்கக் கூடாது, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியிருக்கக் கூடாது, மோசடியான நிதிக் கொடுக்கல் வாங்கலில் கை வைத்திருக்கக் கூடாது, பகுதி மக்களோடு நெருக்கமாக இருக்க வேண்டும், பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும். கட்சித் தலைவர்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றுக்கொண்டவை.

குறை சொல்லவில்லை. ஆனால் எட்டில் ஆறு ‘கூடாது’. ஒரு வம்புக்கும் போகாத மனிதனை இந்தத் தாளை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். சபைக்குப் போய் அவன் வாயைத் திறப்பானா என்பது தெரியாது. அதனால் எங்கள் கேள்வி ஒன்றைச் சேர்த்தோம்: “மேல் டிவிஷனுக்குப் போகும் பாதை உடைந்து கிடக்கிறது. தெரிவானால் சபைப் பணத்தில் அதைச் செய்து தருவீர்களா?”

வந்தவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் “கட்டாயம் செய்வேன்” என்றார்கள். ஒருவர் கொங்கிறீட் என்றார். இன்னொருவர் அதற்கு மேலே போய் மின்விளக்கும் சேர்த்துக்கொண்டார். ஐந்தாவது ஆள், சுயேச்சைக் குழுவில் நின்ற ஒரு லொறிச் சாரதி, கொஞ்சம் யோசித்துவிட்டு, “அது தோட்டப் பாதை, சேர். பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அது இருக்கும்வரை சபை நினைத்தாலும் காசு போட முடியாது. அந்தப் பிரிவை மாற்றச் சொல்லி முதலில் தீர்மானம் கொண்டுவர வேண்டும்” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தில் இருந்த அந்த முட்டுக்கட்டை, தேர்தல் முடிந்த பிறகு, அதே 2018இல்தான் திருத்தத்தின் மூலம் நீங்கியது. நாம் வரி கட்டுவோம், வாக்குப் போடுவோம், ஆனால் லயத்து (தோட்ட வரிசை வீட்டு) வாசலுக்குச் சபை வராது என்பதாக முப்பது வருடம் ஓடியிருக்கிறது. அது தெரிந்த ஒரே வேட்பாளர் அவர்தான். மண்டபத்தில் இருந்த சனம் என்ன சொன்னது தெரியுமா? “முடியாது என்று சொல்வதற்கு இவர் எதற்கு?” எங்கள் குழுவிலேயே இரண்டு பேர் அவருக்கு ஆகக் குறைந்த புள்ளி போட்டார்கள்.

புள்ளிகளைக் கூட்டி, பெரிய தாளில் எழுதி, பஸ் தரிப்பிடத்தில் ஒட்டினோம். ஒரு பாட்டி அதைப் பார்த்துவிட்டு, “இந்தப் பெயர் எல்லாம் சீட்டில் எங்கே இருக்கும், சேர்?” என்று கேட்டார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. உள்ளூராட்சி வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரே கிடையாது. கட்சி அல்லது குழு, அதன் சின்னம், புள்ளடி போட ஒரு கட்டம். அவ்வளவுதான். ஆளைப் பார்த்துப் போடுங்கள் என்று நாங்கள் ஒட்டிய தாளுக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒட்டே இல்லை.

அதைவிடப் பெரிய ஓட்டை பிறகுதான் தெரிந்தது. சபையில் 60 சதவீதம் வட்டாரத்தில் வென்றவர்கள். மிச்சம் 40 சதவீதம் கட்சி பெற்ற மொத்த வாக்குக்கு ஏற்பப் பட்டியலிலிருந்து வருபவர்கள். வட்டாரத்தில் தோற்றவரையும் அனுப்பலாம், வட்டாரப் பத்திரத்தோடு கட்சி கொடுக்கும் இரண்டாவது தாளான மேலதிக வேட்புமனுப் பத்திரத்தில் உள்ளவரையும் அனுப்பலாம். அது கட்சிச் செயலாளரின் கையில். கொங்கிறீட்டோடு மின்விளக்கும் தருவதாகச் சொன்னவர் தோற்றார். தோற்று, அடுத்த மாதம் பட்டியல் வழியாகச் சபையில் போய் உட்கார்ந்தார். அவரோடு உட்கார்ந்த இன்னும் சிலரை நாங்கள் கண்ணால்கூடக் கண்டதில்லை. பரீட்சை வைத்த வகுப்பு ஒன்று, பாஸான வகுப்பு வேறொன்று.

உங்கள் பக்கம் எப்படி?

ஹப்புத்தளை அக்கா

சேர், உங்கள் மண்டபத்துக்கு வந்த ஐவரில் பெண் எத்தனை பேர் என்று நீங்கள் சொல்லவே இல்லை. ஒருவரும் இல்லை என்று நினைக்கிறேன். ஏன் என்றும் சொல்கிறேன். கட்சிகள் வட்டாரப் பத்திரத்தில் நூற்றுக்குப் பத்துப் பெண்களைப் போட்டால் போதும். மேலதிகப் பத்திரத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும். சட்டமே அப்படி. ஆக, சபையில் 25 சதவீதத்தை நிரப்பப்போகிற பெண்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவது தாளில்தான் இருக்கிறார்கள். வட்டார வேட்பாளரை மட்டும் கூப்பிட்டால் ஆண்கள்தான் வருவார்கள்.

நாங்கள் மாதர் சங்கத்தில் வேறு மாதிரிச் செய்தோம். எங்கள் தோட்டத்திலிருந்து பட்டியலில் போட்டிருந்த ஒருவரைக் கொழுந்து மடுவத்துக்குப் பக்கத்தில், நிறுவை முடிந்த பிறகு சந்தித்தோம். அவரோடு தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரும் வந்தார், அவருடைய கணவரும் வந்தார். “தண்ணீர்ப் பிரச்சினைக்கு என்ன செய்வீர்கள்?” என்று அவரைக் கேட்டால் தலைவர் பதில் சொல்கிறார். “குப்பை?” என்றால் கணவர் பதில் சொல்கிறார். அந்தப் பெண் கூடையின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நிற்கிறார். எங்கள் சங்கத்துப் பெரியம்மா ஒருவர், “தலைவரே, கடையில் தேநீர் சொல்லியிருக்கிறோம், ஆறப்போகிறது” என்று இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார். தேநீரெல்லாம் சொல்லவே இல்லை. அங்கே போய்த்தான் அவர்கள் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பேசினார். மேல் லயத்துக் கக்கூசுக் குழி தண்ணீர்ப் பீலிக்கு மேல்புறம் எத்தனை அடியில் இருக்கிறது, மழைக்கு எந்தப் பக்கம் வடிகிறது, பிள்ளைகளுக்கு எந்த மாதம் வயிற்றோட்டம் வருகிறது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கடைசியாக எப்போது வந்தார், எல்லாம் சொன்னார். சட்டப் பிரிவு ஒன்றும் தெரியாது. உங்கள் மண்டபத்தில் நின்றிருந்தால் சுழியம் வாங்கியிருப்பார்.

அவர் உள்ளே போனாரா என்று கேட்பீர்கள். போனார். முதல் வருடம் எழுந்து நின்றாலே “அக்கா, உட்காருங்கள், நேரமாகிறது” என்பார்களாம். ஒவ்வொரு கூட்டத்துக்கு முதல் நாள் இரவும் எங்களில் இரண்டு பேர் அவரோடு உட்கார்ந்து நிகழ்ச்சி நிரலை வாசித்தோம். விசாரித்ததோடு எங்கள் வேலை முடியவில்லை, சேர்.

ஹட்டன் பையன், இப்போது கொழும்பு

எங்கள் குழு வாய்ப்பேச்சை நம்பவில்லை. பழைய உறுப்பினர்கள் மறுபடி நின்றால் அவர்களின் கணக்கைக் கடதாசியில் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு சபைக்கு விண்ணப்பம் போட்டோம்: நான்கு வருட வருகைப் பதிவு, ஒவ்வொருவரும் கொண்டுவந்த பிரேரணைகள், கூட்ட அறிக்கைகள். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொன்னார்கள். கட்டுக் கட்டாகச் சிங்களத்தில் மட்டும் வந்தது. பாதியை நான் வாசித்தேன், மீதியைக் கொழும்பில் என்னோடு அறையில் இருக்கும் மாத்தறை நண்பன் இரண்டு இரவு விழித்து வாசித்துக் கொடுத்தான். அவனுக்குத்தான் எங்கள் ஊர் அரசியல் இப்போது என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருவர் ஒரு கூட்டத்தையும் தவறவிட்டதில்லை. முழு வருகை. அறிக்கை முழுவதும் தேடினோம், அவர் பெயர் மூன்றே இடத்தில் இருந்தது. மூன்றும் அனுதாபப் பிரேரணையை வழிமொழிந்தது. இன்னொருவர் பாதிக் கூட்டங்களுக்கு வரவில்லை. வந்த நாளெல்லாம் கேள்வி கேட்டிருக்கிறார், சந்தைக் கடை ஏலத்தைப் பற்றி மட்டும் ஏழு தடவை. இரண்டாமவரை “கூட்டத்துக்கே போகாதவர்” என்று ஊர் திட்டிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் அழகாகத் தொகுத்து வைத்தோம். 2023 மார்ச் 9 என்று குறித்த தேர்தல் பணம் இல்லை என்று தள்ளிப்போனது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தேர்தல் வந்ததோ 2025 மே 6இல். எங்கள் கடதாசிக் கட்டு இரண்டு வருடம் அலுமாரியில் கிடந்து கறையான் பிடித்தது. உண்மையிலேயே கறையான்.

புதிதாக ஒன்று இருக்கிறது, கவனியுங்கள்: 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டப்படி முடிவு வெளியாகி 21 நாட்களுக்குள் வேட்பாளர் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும். தேர்தல் முடிந்த பிறகு கிடைப்பதை வைத்து என்ன செய்வது என்று விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை அதே முகங்கள்தானே.

பழைய வேட்பாளர், மஸ்கெலியா

எல்லோரும் விசாரித்தவர்கள். நான் விசாரிக்கப்பட்டவன்.

ஒரு குழு எனக்குக் கடிதம் அனுப்பியது. தோட்டத்தில் வீட்டுக்கு வீடு முகவரி ஏது? கடிதம் தோட்ட ஒப்பீஸுக்குப் போய், அங்கே இரண்டு நாள் தூங்கி, கூட்டத்துக்கு முதல் நாள் மாலை என் கைக்கு வந்தது. கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. எனக்குக் கவ்வாத்து மலை, தேயிலைச் செடி வெட்டும் வேலை. பத்து மணிக்கு மலையை விட்டு இறங்கினால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்கூட விழாது. பின்னேரம் மூன்று மணிக்கு, கத்தியோடும் சேற்றுக் காலோடும் போய் நின்றேன். கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தாளில் என் பெயருக்கு நேரே “சமூகமளிக்கவில்லை”. ஒரு தம்பி பரிதாபப்பட்டு, “அண்ணே, உங்கள் கல்வித் தகுதியையாவது எழுதிக்கொள்கிறேன்” என்றான். சாதாரண தரப் பரீட்சை எழுதவில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டான்.

பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், அந்தச் சபைப் பகுதியின் வாக்காளராக இருக்க வேண்டும், பதவியைத் தடுக்கிற வேறு தகுதியீனம் இருக்கக் கூடாது. சட்டம் கேட்பது அவ்வளவுதான். படிப்பைச் சட்டம் கேட்கவில்லை; கோயில் மண்டபம் கேட்கிறது. படித்தவர்கள் நான்கு பேர் கூடினால் முதலில் தங்களைப் போன்ற ஒருவனைத்தான் தேடுகிறார்கள். இதில் யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை, சேர். உங்கள் லொறிச் சாரதிக்குக் குறைந்த புள்ளி போட்ட இருவர் யார் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

கொட்டகலை வாத்தியார்

யோசிக்க வேண்டியதில்லை, தம்பி. அதில் ஒருவன் நான். மேலே எழுதும்போது அதை மறைத்துவிட்டேன். சாரதி சொன்ன 33ஆம் பிரிவு எனக்கே அன்றைக்குத் தெரியாது. தெரியாததால் கோபம் வந்தது.

2025இல் சிலதை மாற்றினோம். கூட்டத்தை ஞாயிறு பின்னேரத்துக்கு வைத்தோம். கடிதம் அனுப்பாமல் நேரில் போய்ச் சொன்னோம். அக்கா சொன்ன இரண்டாவது தாளுக்காக இந்த முறை கட்சி அலுவலகங்களில் ஏறி இறங்கினோம். “பட்டியல் எங்கள் உள்விவகாரம்” என்றார் ஓர் அமைப்பாளர். இன்னொருவர் நல்ல மனிதர், தேநீர் கொடுத்து, பெயர்களைக் கையால் எழுதிக்கொள்ள விட்டார். இளைஞர் ஒதுக்கீடும் வந்திருந்த தேர்தல் அது; பிறப்புச் சான்றிதழ்ச் சிக்கலில் பல இடங்களில் வேட்புமனுக்களே நிராகரிக்கப்பட்டு, வழக்கு வரைக்கும் போயிருந்தன. அந்தக் களேபரத்தில் பட்டியலை நிரப்பினால் போதும் என்று ஆளாளுக்கு ஓடியது பெயர்களைப் பார்த்தாலே தெரிந்தது.

எழுதிக்கொண்டு வந்த பெயர்களை மண்டபத்தில் சத்தமாக வாசித்தேன். ஒன்பதாவது பெயரில் எங்கள் குழுச் செயலாளர் நிமிர்ந்தார். அது அவருடைய மனைவி. மனுஷன் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை; அவருக்குத் தெரியாது. எல்லோருமாக வீட்டுக்குப் போனோம். அந்த அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். “ஒரு தங்கச்சி வந்து கையெழுத்துக் கேட்டாள், பிறப்புச் சான்றிதழும் கேட்டாள். அஸ்வெசும நிவாரணப் படிவம் என்று நினைத்தேன்” என்றார். செயலாளர் தலையில் கை வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார்.

மற்றவர்கள் என்ன செய்வது என்று குசுகுசுத்துக்கொண்டிருக்க, அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, “சரி, பெயர் போட்டாகிவிட்டது. மற்றவர்களிடம் கேட்டதை என்னிடமும் கேளுங்கள்” என்றார். கேள்வித்தாளை எடுத்தேன். ரொட்டி கருகும் வாசனை வந்தது. “இருங்கள், சேர்” என்று உள்ளே போனார்.

பசறைக்காரி

பிறகு என்ன கேட்டீர்கள், அவர் என்ன சொன்னார்? பாதியில் விட்டுவிட்டீர்களே. எங்கள் பக்கம் மேலதிகப் பத்திரத்தை எந்தக் குழுவும் கையில் எடுத்ததாகத் தெரியவில்லை. தேநீர் கொடுத்த அந்த அமைப்பாளரிடம் எப்படிப் பேசி வாங்கினீர்கள் என்பதையும் எழுதுங்கள்.