உட்கரு நுழைவா, நுழைப்பா?

வணக்கம். மரபணுக்கள் இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் (nucleus) புரதம் கொண்டுபோகப்படுவதை (nuclear import) தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் நம் பேச்சு.

"உட்கரு இடப்பெயர்வு" என்றே வைத்துவிடலாம் என்கிறார் டர்பன் நண்பர். எனக்கு ஒப்பவில்லை. குரோமோசோம் துண்டு இடம் மாறுவதற்கு அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. அதோடு, உள்ளே போனதா வெளியே வந்ததா என்று அது காட்டிக்கொடுப்பதும் இல்லை.

யாழ்ப்பாண வழக்கில் உட்கருவைக் குறிக்கும் "கரு"வை வைத்து "கருப்புகல்" என்று ஒரு பரிந்துரை வந்தது. சொல் அழகுதான். ஆனால் மொரிஷியஸ்காரன் கண்ணுக்கு அது கருப்புக் கல்லாகத்தான் தெரியும். இங்கே கரும்புத் தோட்டம் முழுக்க அந்த எரிமலைக் கல்தான் குவிந்து கிடக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வைரஸ் எதிர்ப்பு மரபணுக்களை இயக்கும் ஸ்டாட்1 (STAT1) புரதத்துக்குப் பச்சை ஒளிச்சாயம் ஏற்றிய செல்லின் படம் ஒன்றை ரோஸ் ஹில்லில் என் மாலை வகுப்பில் காட்டினேன். முதல் படத்தில் செல் முழுக்கப் பச்சை, நடுவில் மட்டும் மங்கலான வட்டம், அதுதான் உட்கரு. வைரஸ் வந்ததைச் செல்களுக்கு அறிவிக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைக் கொடுத்து அரை மணி நேரம் கழித்து எடுத்த படத்தில் அந்த வட்டமே பளிச்சென்று பச்சை, சுற்றிலும் வெளிறிவிட்டது. "ரான்ட்ரே" என்றாள் ஒரு மாணவி கிரியோலில். அதாவது நுழைந்துவிட்டதாம். பக்கத்தில் இருந்தவன் விடவில்லை: "இல்லை, ஃபேர் ரான்ட்ரே." நுழைய வைத்திருக்கிறார்களாம்.

பையன் சொன்னதுதான் சரி. இன்டர்ஃபெரான் செல்லின் ஏற்பியில் வந்து ஒட்டியதும், ஜாக் நொதிகள் ஸ்டாட்1-இன் 701-ஆம் இடத்து டைரோசின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அப்படி ஏற்றப்பட்ட இரண்டு ஜோடி சேர்கின்றன. அந்த ஜோடியை இம்போர்ட்டின் என்ற சுமக்கும் புரதம் பற்றி, உட்கருத் துளை வழியாக உள்ளே கொண்டுபோகிறது. உள்ளே ரான் என்ற சிறு புரதம் ஜிடிபியோடு (GTP, GDP அல்ல) வந்து ஒட்டினால்தான் இம்போர்ட்டினின் பிடி தளரும். ஏறக்குறைய 40 கிலோடால்டனுக்கு (புரத நிறையின் அலகு) குறைந்த புரதங்கள் துளை வழியே தாமாகவே போய்வரும். ஸ்டாட்1 ஒன்றே 91 கிலோடால்டன், ஜோடி என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் தன்வினை பிறவினை ஏற்கெனவே இருக்கிறது. அமைவு, அமைப்பு, இணைவு, இணைப்பு. அதே வாய்பாட்டில் தானாகப் போவது நுழைவு, கொண்டுபோய் விடுவது நுழைப்பு. ஆகவே என் பரிந்துரை "உட்கரு நுழைப்பு". இம்போர்ட்டினுக்கு "நுழைப்பி". எதிர்ப்பக்கம் "உட்கரு வெளியேற்றம்", "வெளியேற்றி". "உட்கரு இறக்குமதி" என்று முன்பு யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்தால் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் அரிசி மூட்டை இறங்குகிற மாதிரி இருக்கிறது, மன்னிக்கவும்.

திசை ஏன் முக்கியம் என்றால், வைரஸ்களுக்கு அது தெரியும். எபோலாவின் விபி24 புரதம் நுழைப்பியில் ஸ்டாட்1 உட்காரும் இடத்தைத் தான் பிடித்துக்கொள்கிறது. அது நுழைப்புத் தடை. 2005-06-ல் இந்தத் தீவுகளையே படுக்கவைத்த சிக்குன்குனியா வேறு வழியில் போகிறது. அதன் என்எஸ்பி2 புரதம், உள்ளே போன ஸ்டாட்1-ஐ வெளியே தள்ளும் வேலையையும் முடுக்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேருக்கு மூட்டு மடக்க முடியவில்லை. இரண்டையும் "இடப்பெயர்வுக் குறைபாடு" என்று எழுதினால் மாணவருக்கு என்ன விளங்கும்?

அப்புறம், "நுழைப்பி" என்பது ஊசி நுழைக்கும் கருவி மாதிரி ஒலிக்கிறது என்று என் மனைவி சொல்கிறார். "புகுத்தி"யும் எனக்குச் சம்மதம்தான், ஆனால் "உட்கருப் புகுத்தி" என்று சேர்த்தால் பழையபடி கருப்பு வந்து நிற்கும். டர்பன் நண்பர் என்ன சொல்கிறார்?